ஆறு மாச ரகசியம்

"குடல் சுத்தமா இருக்காம்! ஒரு புண்கூட இல்லையாம்!"

பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொடி போல ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தான் கணவன். மனைவிக்குக் கண் கலங்கியது. நாலு வருடமாகக் குடலைப் புண்ணாக்கும் க்ரோன் நோய் அவனைப் பாடாய்ப்படுத்தியிருந்தது.

"மாத்திரையை விடாம சாப்பிட்டீங்களே, அதோட பலன்!"

"அதான் இல்ல!" என்று குதித்தான். "ஆறு மாசமா தினம் ஒண்ணா குப்பையில போட்டேன். உன்கிட்ட சொல்லல. ஆயுசு முழுக்கச் சாப்பிடணும்னாரே டாக்டர், நாளைக்கு அவர் முகத்தைப் பார்க்கணும்!"

அலமாரியிலிருந்து க்ரோன் மாத்திரை டப்பாவை எடுத்துக் குப்பைக்கூடைக்கு மேலே நீட்டினான். அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தான்.

"தாராளமா போடுங்க."

"கோபம் இல்லையா?"

"எதுக்கு? புது ஆபீஸ்ல சேர்ந்தப்போ, யாராவது டப்பா மேல இருக்கிற பேரைப் படிச்சிட்டு என்ன வியாதின்னு துருவுவாங்கன்னு, அந்த மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவுல போட்டு ஆபீஸுக்குத் தரச் சொன்னீங்க. மறந்துட்டீங்களா? அதுக்குப் பதிலா சத்து மாத்திரைதான் இந்த டப்பாவுல இருக்கு. ரெண்டும் ஒரே மஞ்சள். மாசாமாசம் அப்படித்தான் நிரப்புறேன்."

அவன் கை அந்தரத்தில் நின்றது.

"அப்போ ஆபீஸ்ல தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் முழுங்கினது?"

"க்ரோன் மாத்திரை."

"குப்பையில போட்டது?"

"சத்து மாத்திரை. முடி ஏன் இப்படிக் கொட்டுதுன்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன்."

அவன் தலையைத் தடவிக்கொண்டே ஆபீஸ் பையைத் திறந்து, காலியாகப்போகும் டப்பாவை அவளிடம் நீட்டினான்.

"விளிம்பு வரைக்கும் நிரப்பிடு!"