விஷமில்லாத மல்லி

மஞ்சுஷா சேச்சி வீட்டு வாளியில் மத்தி மீன் தலைகள் நெளிந்துகொண்டிருந்தன. அத்தனையும் புழு.

மட்டாஞ்சேரியில் இந்தத் தெருவின் குப்பையை அள்ளுகிறவள் நான். இதற்கெல்லாம் மூக்கைச் சுளித்தால் என் வீட்டில் உலை கொதிக்காது.

சேச்சி சுளித்தாள். தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றே சிரித்தபடி சொன்னாள்.

"பேச்சி, நின்னோட மல்லியில சூப்பர். ரசத்தில இட்டு, முழுவனும் கழிச்சு."

மலையாளத்தில் மல்லியில என்றால் மல்லித்தழை, கழிச்சு என்றால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டுக் கொத்தமல்லி முழுக்க மருந்தடித்த விஷம் என்று முன்பு புலம்பியவள் இதே சேச்சிதான். அவளுக்காகவே வளர்த்தேன். மீன்காரரிடம் தெர்மோகோல் பெட்டி வாங்கி, விதையை இரண்டாக உடைத்துத் தூவினேன். கொச்சி மழைக்குக் கொத்தமல்லி நிற்காது, அழுகிவிடும். வானம் கறுத்தாலே பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துவிடுவேன். நத்தையைக் கையால் பொறுக்கினேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை என்று என் வீட்டுக்காரர் ராக்கப்பன் கேலி செய்தார்.

இந்த வாசலில் என் கை எப்போதும் வாங்குகிற கை. ஒரு நாளாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. முதல் பறிப்பை வேரோடு பிடுங்கி, கழுவி, வாழைநாரால் கட்டி நேற்றுக் கொடுத்தேன்.

மீன் தலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தட்டுப்பட்டது. இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

சாப்பாட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் இருந்தால் வண்டியில் ஏற்றமாட்டார்கள். எந்தக் கவரையும் அவிழ்த்துப் பார்த்தாக வேண்டும். குப்பையைத் தந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற சேச்சிக்கு அது தெரிய வழியில்லை.

அவிழ்த்தேன். வாழைநார்க் கட்டுகூடப் பிரிக்காமல் உள்ளே என் மல்லி.

சேச்சி பொய் சொல்லவில்லை. தமிழில் கழிப்பது என்றால் வேண்டாமென்று தள்ளுவது. நல்ல தமிழில்தான் சொல்லியிருக்கிறாள்.

விஷம் என் கையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

இத்தனை வருஷம் புழுவுக்கும் அழுகலுக்கும் சுளிக்காத மூக்கை, அந்தப் பச்சை வாசனைக்குச் சுளித்தேன். சீ என்று இருந்தது. அந்தச் சிரித்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் பார்த்தேன். சேச்சியின் துண்டு மூக்கிலிருந்து இறங்கியிருந்தது. கண் அந்த வாழைநார்க் கட்டின் மேல் இருந்தது.

கவரை ஒரு சாக்கில் போட்டேன். மல்லியை மீன் தலைகளோடு போட்டேன்.

"கவரு வேற, மல்லி வேற சேச்சி. இனிமே பிரிச்சு வெச்சுத் தாங்க."