சோப்பு ஸ்டாண்டில் ஒரு கேமரா

லேப்டாப்பைக் கூடத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

எல்லோரும் என்றால் அவருடைய அண்ணன், இரண்டு பேருக்கும் பொதுவாக வரவழைத்த இன்ஜினியர் பெண், நான்.

அண்ணன் வீடு பக்கத்திலேயேதான். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் ஒரு விரிசல். அதனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல மாதம் ஆகிறது.

பெரியவர், அதாவது அண்ணன், மாடி எடுப்பதற்காக அஸ்திவாரம் தோண்டினார். அதே வாரம் எங்கள் கூடத்தில் விரிசல் இவர் கண்ணில் பட்டது. அந்தக் குழிதான் காரணம் என்று இவர் ஒரே பிடியாக நின்றார். பெரியவர் மட்டும் சளைத்தவரா? நிரூபித்துக் காட்டினால் குழியை மூடிவிட்டு, வீட்டையும் விற்றுவிட்டுப் போய்விடுகிறேன் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டார்.

சொன்னால் செய்துவிடுகிற மனுஷர். எனக்கு அதுதான் பயம். அவர் போனால் என் ஓரகத்தியும் போய்விடுவாள். இந்த வீட்டு ஆம்பளைகளைப் பற்றி ஜன்னல் வழியாகப் புலம்ப எனக்கு இருக்கும் ஒரே ஆள் அவள்.

நிரூபிக்கக் கேமரா வேண்டும். குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் கருவியின் விலையைக் கடையில் கேட்ட இவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். கண்ணாடி உடைந்து அலமாரியில் கிடந்த என் பழைய போனைத் தேடி எடுத்தார். மணிக்கொரு படம் எடுக்கும் ஆப் ஒன்றை இலவசமாக இறக்கினார். குளியலறை சோப்பு ஸ்டாண்டைக் கழற்றி, விரிசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் திருகி, போனை அதில் உட்கார வைத்து ரப்பர் பேண்டு போட்டார்.

எங்கள் சோப்பு அன்றிலிருந்து பக்கெட் விளிம்பில் குடியிருக்கிறது.

சிக்கனத்தில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. போன வருடம் புது ஃப்ரிட்ஜுக்கு இடம் போதவில்லை. கொத்தனாரைக் கூப்பிடவில்லை, இன்ஜினியரைக் கேட்கவில்லை. சமையலறைச் சுவரைத் தானே குடைந்தார். ஓரத்திலிருந்த தூணையும், சும்மா அழகுக்கு வைத்தது என்று சொல்லி இடித்துவிட்டார். ஃப்ரிட்ஜ் கச்சிதமாக உட்கார்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்.

படங்கள் சேரச் சேர எனக்குத்தான் திட்டு. ஒவ்வொரு வாரமும் படம் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. துடைக்கிறேன் பேர்வழி என்று நான்தான் போனைத் தட்டிவிடுகிறேனாம். கூடத்துக்குள் துடைப்பத்தோடு வர எனக்குத் தடை. பிறகு ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டினார்.

அப்போதும் படம் சாய்ந்தது.

அன்றைக்கு இவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அப்படியானால் சாய்வது போன் இல்லை, அண்ணன் பக்கத்துச் சுவர்தான் என்று சொல்லி, அன்றே இந்தப் பஞ்சாயத்துக்கு நாள் குறித்தார்.

மேசையில் படங்கள் ஓடின. முதலில் தரை நேர்கோடாக இருந்தது. போகப்போக அது சரிந்தது. சுவர், விரிசல், மூலையில் என் தையல் மெஷின் எல்லாம் கப்பலில் ஏறியது போல் ஒரு பக்கம் சாய்ந்தன.

இவர் எழுந்து பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். ஜெயித்தவருக்கு உட்கார முடியவில்லை. தலைக்கு மேலே போன் இன்னும் வேலையில்தான் இருந்தது. அண்ணன் தோற்பதும் பதிவாகட்டும் என்று, இன்றைக்கு மட்டும் நிமிடத்துக்கொரு படமாக மாற்றி வைத்திருந்தார்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டை விற்கும் கணக்கு அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

இன்ஜினியர் பெண் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தாள். விரிசல் விட்ட சுவரில் வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. சுவரை ஒட்டிய தரையில் வைத்தாள். அங்கேயும் நடுவில்தான். விரிசல் முனையில் இவர் முதல் நாளே பென்சிலால் போட்டு வைத்த கோட்டைக்கூட அது தாண்டவில்லை, அது வெறும் பூச்சு வெடிப்பு என்றாள்.

இவர் விடுவதாக இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, அப்போ படம் பொய் சொல்லுதா என்று கேட்டார்.

"படம் பொய் சொல்லல சார். போனை எந்தச் சுவர்ல மாட்டியிருக்கீங்க?"

திரும்பிக்கூடப் பார்க்காமல், இவர் கட்டைவிரலால் தன் முதுகுக்குப் பின்னால் காட்டினார்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃப்ரிட்ஜ் இருக்கிறது.

இவருடைய கை காட்டிய இடத்திலேயே நின்றது.

பெரியவர்தான் முதலில் எழுந்தார். சத்தம் போடாமல் நடந்து போய்த் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். தூங்குகிற குழந்தையின் பக்கத்திலிருந்து ஒருவரை எழுப்புவது போல, மெல்ல இழுத்தார்.

"இந்தப் பக்கம் வாடா."

சுவரிலிருந்து டிக் என்று சத்தம் வந்தது.

அந்த நிமிடம் போன் எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நிறையவே சாய்ந்திருக்கிறது. அண்ணன் தம்பி கையை விடவில்லை. நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.