சரோஜா ஏன் மாத்திரை போடவில்லை?

“அம்மா, இந்த கேம்ல தோத்துக்கிட்டே இருக்கேன். கொஞ்சம் வந்து பாரேன்.”

செஞ்சியில் நர்சிங் படிக்கும் மதுமிதா, அம்மா பத்மாவதியின் பக்கம் லேப்டாப்பைத் திருப்பினாள். திரையில் சரோஜா என்றொரு பொம்மைப் பெண். சர்க்கரை நோயாளி. வீடு தேடிப் போகும் நர்ஸ், பேச்சுக் கொடுத்தே அவளுக்கு ஏன் சர்க்கரை குறையவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பாடம்.

“மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறேங்க” என்றாள் சரோஜா.

“பொய் சொல்றா” என்றாள் பத்மாவதி சட்டென்று. “ராத்திரி மாத்திரைய தொட்டே இருக்க மாட்டா.”

“எப்டிம்மா சொல்ற?”

“சாப்டுட்டு போடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்ம ஜைன வீட்டுல பொழுது சாஞ்சா ஏது சாப்பாடு? வெறும் வயித்துல போட்டா மயக்கம் வராதா? அவருகிட்ட இத போயி சொல்ல கூச்சம். பேசாம விட்டுட்டா, பாவம்.”

மதுமிதா லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

“சரோஜா ஜைனப் பொம்பள இல்லம்மா. ராத்திரி ஒம்போது மணிக்கு பரோட்டா சாப்புடுறவ.”

பத்மாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அப்ப நானும் தோத்துட்டனா?”

“நான் ஜெயிச்சிட்டேன்மா. உனக்கு ஏன் சர்க்கரை குறையலன்னு நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.”