பின்னிருக்கை

1974ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானத்தை மேகம் மூடியிருக்கிறது, மழையில்லை, கடற்காற்று மட்டும் ஓயாது வீசுகிறது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, சவுக்குத் தோப்பினூடே செல்லும் மணற்பாதையில், விலைக்கு வந்த இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள் ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. பேருந்து வராத இந்த நான்கு மைலை வண்டி இருவரோடும் கடந்தால்தான் ரத்னா செங்கற்பட்டு மருத்துவமனையில் தன் ஆயா வேலையைத் தொடர இயலும். பெரிய வண்டி முன்னரே மணலில் அமிழ்ந்து, இப்பொழுது ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கிறது. சிறிய வண்டியின் பின்னிருக்கையில் ரத்னா ஒருபக்கமாக அமர்ந்திருக்கிறாள். சக்கரம் சுழல்கிறது, மணல் தெறிக்கிறது, வண்டி நகரவில்லை. “எறங்கு ரத்னா, நான் மட்டும் ஓட்டிப் பாக்கறேன்,” என்கிறான், செங்கற்பட்டிலேயே பணிபுரியும் அவள் கணவன் உலகநாதன். அவள் இறங்கியதும் வண்டி சீறிப் பாய்ந்து, தோப்பின் மறுமுனைவரை சென்று திரும்புகிறது. “பொஞ்சாதி எறங்குனதும் வண்டிக்கு றெக்க மொளைச்சிடுச்சி பாரு அண்ணாத்த!” என்று சிரிக்கிறார் தரகர் ஜம்புலிங்கம். “எனக்கு இதான் தோதா கீது மச்சான், முடிச்சிடு,” என்கிறான் உலகநாதன். அவன் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. ரத்னா புடவையிலிருந்து மணலை உதறுகிறாள். பின்னர்த் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவனிடம் நீட்டுகிறாள். “இந்தாய்யா, இனிமே நீதான மணி பாத்துக்கினு ஓடணும்.” அதன் சிறிய வார் அவன் மணிக்கட்டைச் சுற்றி எட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். அதில் மணி நான்கு நாற்பது.