முகூர்த்தத்தில் பூட்டிய கதவு

"உள்ள வாப்பா" என்று சிரித்த முகமாகக் கூப்பிட்ட கீர்த்தி, பூட்டுக் கம்பெனிக்காரப் பையன் கூடத்துக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள். பூட்டு தானாக விழுந்தது.

"இனிமே எங்க வூட்டுக்காரரு புனேலேர்ந்து போன்ல தட்டினாத்தான் இது தொறக்கும். அவரு இப்ப மீட்டிங்ல இருக்காரு. உள்ள மாட்டிக்கினா எப்படி இருக்கும்னு நீயும் கொஞ்ச நேரம் பாரு."

சிட்டிபாபு தோள்பையை மெல்ல இறக்கி வைத்தான். கூரியர் வந்திருக்கிறது என்று பொய் சொல்லித்தான் கணவன் தினேஷைக் கதவு திறக்க வைத்திருந்தாள். கம்பெனியோடு மல்லுக்கு நிற்காதே, ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

எப்படி நிற்காமல் இருப்பது? அன்றைக்குத் தங்கை வடிவுக்குப் பிறந்த ஊரான கூரத்தில் விடியற்காலை முகூர்த்தம். அம்மா இல்லாத வீடு. அப்பா தன் தறியில் நெய்த கூறைப்புடவையைத் தங்கைக்குக் கட்டிவிட வேண்டியவள் கீர்த்திதான். தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் கதவு திறக்கவில்லை. பின்கதவுக்கும் அதே பூட்டு.

போனில் தினேஷ் பதறினான். கம்பெனிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ அப்டேட் அனுப்பி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான், இதோ பார்க்கிறேன், இதோ பார்க்கிறேன் என்றான். ஒருவழியாகக் கதவு திறந்து இவள் போய்ச் சேர்ந்தபோது கூரத்தில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு சித்தி புடவை கட்டிவிட்டாளாம், கொசுவம் நிற்கவே இல்லையாம். அப்பா இன்றுவரை கீர்த்தியோடு பேசவில்லை.

அன்றிலிருந்து அவள் போனில் பூட்டு வேலை செய்வதில்லை. கோயிலுக்கோ கடைக்கோ போவதென்றால் தினேஷைக் கூப்பிட்டு, அவன் திறந்துவிட்டால்தான் உண்டு. எல்லாம் அந்த அப்டேட் கோளாறு.

அவள் வயிற்றெரிச்சல் முழுக்கக் கம்பெனி மேல் திரும்பியது. தெருவில் போன் வைத்திருந்தவர்களை எல்லாம் ஒற்றை நட்சத்திரம் போடவைத்தாள். கஸ்டமர் கேரில் இவள் குரல் கேட்டாலே லைனைக் கட் பண்ணினார்கள். நேரில் ஆள் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்ற பிறகுதான் சிட்டிபாபு வந்திருந்தான்.

பூட்டி வைத்ததற்கு அவன் கோபப்படவில்லை.

"திட்டு வாங்கி வாங்கிப் பழகிப்போச்சுக்கா. இப்பக்கூட பட்டுக்கடை ராமலிங்கம் வூட்ல வாங்கிக்கினுதான் வரேன்."

அங்கே கதை வேறு என்றான். அப்டேட் போட்ட அடுத்த நிமிடமே, ஓசூரில் இருக்கும் அவர் மகனுடைய போனுக்கு அந்த வீட்டோடு இருந்த தொடர்பே அறுந்துபோய்விட்டதாம். வெளியூரில் இருப்பவர்களால் ஒரு விளக்கைக்கூடப் போட முடியவில்லை. வீட்டுக்கு யார் பொறுப்பு என்று பூட்டையும் விளக்கையும் ஆட்டிவைக்கிற கூடத்துப் பெட்டி முதலிலிருந்து கேட்கிறதாம். ஆள் நேரில் வந்து அதன் முன்னால் நின்றால்தான் ஆயிற்று. போகிற வீட்டில் எல்லாம் இதே புலம்பல்.

"எங்க வூட்டுக்காரரு அதுல கெட்டிக்காரரு" என்றாள் கீர்த்தி, கொஞ்சம் பெருமையாகவே. "அவருக்கு ஒண்ணும் கெடல. அங்கேர்ந்தே ஃபேன் போடுறாரு, நிறுத்துறாரு. நான் எப்ப எழுந்தேன், எப்ப சாப்ட்டேன்னு பாத்துக்கினே இருப்பாரு. நான் இங்க ஒத்தையா இருக்கேன்ல, அந்த பயம்."

சுவர் மூலையில் கேமராவின் பச்சைக் கண் எரிந்துகொண்டிருந்தது.

கோபமே வராத மனிதன் என்றும் சொன்னாள். வடிவு நிச்சயதார்த்தத்தில் மூத்த மாப்பிள்ளையான அவன் வீடியோ காலில் காத்துக்கொண்டிருக்க, அப்பா மறதியாக முதல் தாம்பூலத்தைச் சித்தப்பாவிடம் நீட்டிவிட்டார். மாமனார் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டபோது, அதனால் என்ன மாமா என்று சிரித்துவிட்டு போனை வைத்தவன்தான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

சிட்டிபாபு இந்தக் கூடத்திலிருந்த பெட்டியின் முன்னால் குந்தினான். சின்னத் திரையைப் பார்த்தவன் அப்படியே இருந்தான்.

"அக்கா, இந்தச் செவப்புப் புள்ளி எப்பலேர்ந்து இருக்குது?"

"அதுவா, வடிவு கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே இருக்குது. தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. தூசி தொடைக்கிறப்பகூட அத வுட்டுட்டுத்தான் தொடைப்பேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தவன், நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

கீர்த்தியும் கேமராவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ஓசூர் மகனின் போன் நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே அந்தத் தாம்பூலத் தட்டும் வந்தது.



"தள்ளுப்பா" என்றாள்.

புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். பச்சைக் கண் அணைந்தது. பெட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டது, அவள் தன் பெயரைச் சொன்னாள். கதவில் 'டக்' என்று சத்தம் கேட்டது. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு சிட்டிபாபு வேண்டாம்க்கா என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனான்.

போன் அடித்தது. தினேஷ்தான். கேமரா ஒரே இருட்டாக இருக்கிறதாம். கதவு தன் போனுக்குக் கட்டுப்படவில்லையாம். கருட சேவைக்கு லீவு போட்டு, நாளைக் காலையில் ஊருக்கு வந்து இறங்குகிறவன் எப்படி வீட்டுக்குள் வருவது என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"என்னம்மா ஆச்சு அங்க?"

கீர்த்தி கதவைத் தானே திறந்து வாசற்படியில் போய் நின்றாள். அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு சொன்னீங்களே, அந்த அப்டேட்ட இப்பத்தாங்க போட்டேன்."