பஞ்சுக் கணக்கு

அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டோம் என்பதில் தேனி டாக்டர் ஞானதுரைக்கு அப்படியொரு பெருமை. ஆய்வுக்கு வந்த அதிகாரியின் முன்னால் போன மாதக் கத்தையைத் தூக்கி வைத்தார்.

"எதை வேணும்னாலும் உருவிப் பாருங்க சார்!"

அதிகாரி ஒன்றை உருவினார். செல்லப்பாண்டி, குடலிறக்க ஆபரேஷன். நோயாளியிடம் பெயர் கேட்கப்பட்டது, டிக். கீறவேண்டிய இடம் குறிக்கப்பட்டது, டிக். உள்ளே வைத்த பஞ்சுகள் எண்ணி எடுக்கப்பட்டன, டிக்.

நர்ஸ் மகிமா எட்டிப் பார்த்தாள். "சார், கடமலைக்குண்டு செல்லப்பாண்டி வந்திருக்காக. ஆனா சார்..."

"அட, வரச் சொல்லும்மா! சார் அவர்கிட்டயே கேட்டுக்கட்டும்."

செல்லப்பாண்டி கும்பிட்டபடி உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கங்கய்யா. அன்னைக்கு ஊசியப் பாத்ததும் பயந்துபோயி பின்வாசல் வழியா ஊருக்கு ஓடிட்டேன். இப்ப வலி தாங்க முடியல. இன்னைக்காவது ஆபரேசன் பண்ணி விட்ருங்க."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே அன்றைய படிவங்கள் மொத்தத்துக்கும் டிக் அடித்துவிடும் தன் கையை, ஞானதுரை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பஞ்சுக் கணக்கு மட்டும் சுத்தம் சார்," என்றார் ஈனஸ்வரத்தில். "ஒண்ணுகூட உள்ள விட்டுப்போகல."