நாலாவது அடகு

மதிப்பீட்டாளர் மோதிரத்தை விளக்கடியில் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, ஊசிமுனைக் கருவியைக் கல்லின் மேல் வைத்தார். வைரமாக இருந்தால் கீச்சென்று கத்தியிருக்க வேண்டிய கருவி வாயைத் திறக்கவில்லை.

“கல்லு கண்ணாடி தம்பி. சோடா பாட்டிலுக்குச் சொந்தம். வளையத்துக்கு ரெண்டாயிரம் தேறினா பெரிசு.”

அவன் மோதிரத்தை வாங்கி மறுபடி விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். அது அக்காவின் கல்யாண மோதிரம். அத்தான் செத்த பிறகு அவளிடம் மிஞ்சிய ஒரே நகை. உள்ளே நுழைந்ததும் அவர் கேட்டதற்கு, என்னுடையதுதான் என்று சொல்லியிருந்தான். அவன் சுண்டுவிரலின் கணுவைக்கூட அது தாண்டாது.

இதற்கு முன் எங்காவது அடகில் இருந்ததா என்று மதிப்பீட்டாளர் விசாரித்தார். மூன்று தடவை, ஒரே கடையில் என்றான். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவனுக்கு அது போதும்.

அந்த அடகுக் கடை இரண்டு தெரு தள்ளி. நடக்க நடக்கக் கொதித்தது. கொதிப்புக்கு அடியில் வேறொன்றும் கிடந்தது. அதை அவன் கிளறவில்லை.

அறை முன்பணத்துக்கு இருபதாயிரம் வேண்டும் என்றுதான் அக்காவிடம் கேட்டிருந்தான். நேற்றே கடைக்குப் போகிறேன் என்றவனை, நாளைக்குப் போ என்று நிறுத்தினாள். இன்று காலை சலவைச் சாலை வேலைக்குக் கிளம்பும்போதுதான் மோதிரத்தைக் கழற்றித் தந்தாள். எப்போதும் அப்படித்தான். எதையும் ஒரு நாள் ஆறப்போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

கல்லின் உண்மையான விலை தெரிந்தால் வேறு கடையில் ஐம்பதுக்கு வைக்கலாம், மிச்சம் முப்பது அவளுக்குத் தெரியப் போவதில்லை என்பது அவன் போட்ட கணக்கு. மதிப்பீட்டாளரைத் தேடிப் போனதே அதற்குத்தான்.

நாலு வருடம் முன்பு வேலை போனபோது அக்கா பணமாகவே நீட்டினாள். பிச்சை போடுறியா என்று விசிறியடித்துவிட்டுப் போனவன், ஆறு மாதம் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. மோதிரம் வேறு விஷயம். அதை வைத்து வாங்கினால் கடன். கடன் வாங்குகிறவன் தலைநிமிர்ந்து நடக்கலாம். மீட்கிற வேலையை மட்டும் மூன்று தடவையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

கடையில் இரண்டு பெண்கள் வளையல் வைக்கக் காத்திருந்தார்கள். அவர்களை இடித்துக்கொண்டு போய் மோதிரத்தை மேஜையில் விட்டெறிந்தான்.

“கல்லை மாத்திட்டியேய்யா. புருஷன் இல்லாதவ வயித்துலயா அடிப்ப?”

கடைக்காரர் மோதிரத்தைத் தொடவில்லை. யோசித்துப் பார்த்தால் மனுஷன் ஒரு தடவைகூட அதைத் தராசில் வைத்ததில்லை, லென்ஸில் பார்த்ததில்லை. எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டதில்லை. தேவைப்பட்ட தொகை சொல்லிவைத்தாற்போல மேஜைக்கு வரும். சீட்டு எங்கே என்றால், அக்காவிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்பார். திருட்டுப் புத்தி அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

போலீசுக்குப் போவேன் என்றான். அக்காவைக் கூட்டிவந்து இங்கேயே நிறுத்துகிறேன், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல் என்றான். தெருவில் போனவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“அவங்களைக் கூப்பிடாதீங்க.”

கடைக்காரர் அந்தப் பெண்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். அவர்கள் போன பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தார், அதுவும் மெதுவாக.

“முதல் தடவை உங்களுக்கு முன்னாடி அவங்கதான் இதைக் கொண்டு வந்தாங்க. கண்ணாடின்னு சொன்னதே நான்தான். அந்த ஸ்டூல்ல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம், என் தம்பிக்கு இது வைரமாவே இருக்கட்டும்னாங்க.”

“அப்ப நீ எனக்குக் குடுத்த பணம்?”

கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து, ஒரு கவரை எடுத்து மோதிரத்தின் பக்கத்தில் வைத்தார். கவரில் சலவைத் தூள் வாசனை அடித்தது.

“இருபதாயிரம். நேத்து சாயங்காலமே குடுத்துட்டுப் போயிட்டாங்க.”